16-வது இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்: மரிச்சல், ஸ்பான், மேஸ் ஆடிய ஆட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்க்கிறேன் என்று சொன்னாலே நம்மாட்கள் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். அதிலும் எனக்குப் பிடித்த ஆட்டம் 1–0 என்று முடிந்தது என்றால், "ஒரு ரன்னுக்கு நாலு மணி நேரமா?" என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களும், சிரித்து முடித்துவிட்டு உட்கார்ந்து கதை கேட்டவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த ஆட்டத்தைச் சொல்கிறீர்கள்?

1963 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை இரவு. இடம், சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம். உள்ளூர் அணி ஜயன்ட்ஸ், வந்த அணி மில்வாக்கி பிரேவ்ஸ். இன்று அட்லாண்டாவில் இருக்கும் பிரேவ்ஸ்தான் அது. அப்போது ஊர் வேறு. சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றும் இல்லை. சீசனில் வந்துபோகும் நூற்றுச் சொச்சம் லீக் ஆட்டங்களில் ஒன்று. கேலரியில் இருந்தவர்கள் 15,921 பேர்.

ஜயன்ட்ஸுக்கு ஹுவான் மரிச்சல் பந்து வீசினார். பிரேவ்ஸுக்கு வாரன் ஸ்பான். 15 இன்னிங்ஸ் முடியும்வரை இரண்டு பக்கமும் ரன் இல்லை. 16-வது இன்னிங்ஸில் வில்லி மேஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் முடிந்தது. 4 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. தொடங்கிய அதே இரண்டு பேர்தான் கடைசிப் பந்துவரை வீசினார்கள். இதுதான் மொத்தக் கதை. மீதியெல்லாம் விவரம், ஆனால் ருசி அதில்தான்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். ஓர் இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணியும் ஒருமுறை அடித்து முடிப்பது. மூன்று பேர் அவுட் ஆனால் பக்கம் மாறும். வந்த அணி முதலில் அடிக்கும், உள்ளூர் அணி பிறகு. இப்படி 9 இன்னிங்ஸ். சமமாக இருந்தால் யாராவது முந்தும்வரை போய்க்கொண்டே இருக்கும், டிரா கிடையாது.

அடிப்பவர் நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தை நேராக வேலிக்கு வெளியே அடித்துவிட்டால் அதுதான் ஹோம் ரன், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. ஆனால் ஆறு கிடையாது. அடித்தவருக்கு ஒன்று, அந்த நேரம் பேஸில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. பேட்டர் மட்டையை வீசித் தவறவிட்ட பந்தும், அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நான்கு பந்தை அந்த எல்லைக்கு வெளியே போட்டால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதற்கு வாக் என்று பெயர்.

இன்னொன்று. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் நாள் முழுக்க வீசினாலும் நடுநடுவே ஓய்வு உண்டு, மறுமுனையிலிருந்து இன்னொருவர் வீசுவார். இங்கே மறுமுனை என்று ஒன்று இல்லை. எல்லாப் பந்தையும் ஒரே ஆள்தான் வீசியாக வேண்டும். அவரை வெளியே எடுத்துவிட்டால் அன்று திரும்ப வர முடியாது.

அந்த இரண்டு பிட்சர்களும் யார்?

மரிச்சல் டொமினிக்கன் குடியரசுக்காரர். அன்று வயது 25. இடது காலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வீசுவார். கால் எங்கே போகிறது என்று பேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து வந்துவிடும் என்பார்கள். பதினேழு நாளுக்கு முன்னால்தான், ஜூன் 15-ல், ஹூஸ்டன் அணியை ஒரு ஹிட்கூட (அடித்துப் பத்திரமாக பேஸை அடைவது) அடிக்கவிடாமல் மடக்கியிருந்தார். அதுவும் 1–0 ஆட்டம்தான்.

ஸ்பானுக்கு 42 வயது, இடது கைக்காரர். இரண்டாம் உலகப்போரில் மூன்று சீசன்களைப் பறிகொடுத்தவர். ஜெர்மனியில் ரெமாகன் பாலத்தில் குண்டுச் சிதறல் காலில் பட்டு, பதக்கத்தோடு திரும்பினார். முதல் வெற்றி கிடைத்தபோதே வயது 25. அதாவது எதிரே நிற்கும் பையன் புகழோடு இருக்கும் அதே வயதில் இவர் கணக்கையே தொடங்கினார். அப்படித் தொடங்கியவர் 1963 சீசனுக்குள் நுழையும்போது கையில் 327 வெற்றி. ஓய்வு பெறும்போது 363. இடது கை பிட்சர்களில் இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. சம்பந்தமில்லாத ஒரு தகவல்: பேட்டராக அவர் வாழ்நாளில் அடித்த ஹிட்டும் சரியாக 363. எனக்கு இந்த மாதிரித் தற்செயல்கள் மேல் ஒரு பலவீனம் உண்டு, மன்னிக்கவும்.

15 இன்னிங்ஸ் ரன்னே இல்லாமல் போயிற்று என்றால், பேட்டர்கள் அவ்வளவு மோசமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் ஆசை. ஜயன்ட்ஸ் பக்கம் மேஸ், வில்லி மெக்கோவி, ஒர்லாண்டோ செபெடா. பிரேவ்ஸ் பக்கம் ஹாங்க் ஆரன், எடி மேத்யூஸ். மேத்யூஸ் மணிக்கட்டு வலியால் சீக்கிரமே வெளியேறிவிட்டார் என்பது வேறு விஷயம். இந்த ஐந்து பேரும் பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் எனும் பெருமைப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். இரண்டு பிட்சர்களையும் சேர்த்தால் ஏழு. ஆரன் ஓய்வு பெறும்போது 755 ஹோம் ரன், மேஸ் 660. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் ஸ்கோர்போர்டு இரண்டு வரிசையிலும் முட்டை முட்டையாக அடுக்கிக்கொண்டே போனது.

காரணம் கொஞ்சம் காலத்தையும் சேர்ந்தது. 1963-ல்தான் ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்கினார்கள். தோள்பட்டை மேல்பகுதியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை எல்லாம் ஸ்ட்ரைக். மவுண்டு, அதாவது பிட்சர் நிற்கும் மேடு, 15 அங்குல உயரம். பேட்டர்கள் திண்டாடினார்கள். நிலைமை முற்றிப்போய் 1969-ல் மேட்டை 10 அங்குலமாக வெட்டி, எல்லையையும் சுருக்கினார்கள்.

அப்புறம் கேண்டில்ஸ்டிக் காற்று. கடல் பக்கத்திலிருந்து வரும், ராத்திரியானால் குளிரும். 1961-ல் அங்கே நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஸ்டூ மில்லர் என்ற பிட்சரையே அசைத்துவிட்டது அந்தக் காற்று. அவர் அப்படி அசைந்ததை அம்பயர் தவறு என்று அறிவித்தார். ஜூலை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேஸ்பால் பார்க்கும் ஊர் அது. உயரமாகப் போகும் பந்துகள் காற்றில் மாட்டிச் செத்து விழும்.

ஆனாலும் என் கணக்கில் முதல் காரணம் அந்த இரண்டு கைகள்தான். காலமும் காற்றும் மற்ற எல்லா ஆட்டத்துக்கும் பொது.

ரன் வரப்போகிறது என்று நினைத்த தருணமே இல்லையா?

இருந்தது. என்னைக் கேட்டால், ஆட்டம் முடிவானதே 4-வது இன்னிங்ஸில்தான். 16-ல் வந்தது ரசீது.

பிரேவ்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு அவுட் விழுந்துவிட்டது. நார்ம் லார்க்கர் வாக் வாங்கி முதல் பேஸுக்குப் போகிறார். மேக் ஜோன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ்வரை போகும் ஹிட்) அடிக்க, லார்க்கர் இரண்டாம் பேஸுக்கு நகர்கிறார். அடுத்து டெல் கிராண்டல். அவரும் நடு மைதானத்துக்கு ஒரு சிங்கிள்.

இரண்டு அவுட் இருக்கும்போது பேஸில் நிற்பவர் பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். கேட்ச் ஆனால் எப்படியும் இன்னிங்ஸ் முடிந்தது. அதனால் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதும் ஓட்டம்தான். லார்க்கரும் ஓடினார். மூன்றாம் பேஸைச் சுற்றி வீட்டை, அதாவது ரன் கிடைக்கும் கடைசி பேஸை, நோக்கித் திரும்பினார். இரண்டாம் பேஸிலிருந்து ஒரு சிங்கிளுக்கு ஓடிவந்து ரன் எடுப்பது அன்றாட நடப்பு. பத்துக்கு ஆறு ஏழு முறையாவது வந்துவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் நடு மைதானத்தில் நின்றது மேஸ். முன்னால் பாய்ந்து வந்தார், பந்தை எடுத்தார், ஒரே வீச்சு. பந்து கேட்சர் (நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி) எட் பெய்லியிடம் வந்து சேர்ந்தது. லார்க்கர் அவுட். ரன் இல்லை.

மேஸை ஹோம் ரன்காரர் என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1957-லிருந்து 1968 வரை தொடர்ந்து 12 வருடம் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது வாங்கிய ஆள் அவர். அந்த த்ரோ ஓர் அடி விலகியிருந்தால் 1–0 என்று பிரேவ்ஸ் ஜெயித்து, ஒன்பது இன்னிங்ஸில் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

வேறு?

7-வது இன்னிங்ஸில் ஸ்பானே ஒரு டபுள், அதாவது இரண்டாம் பேஸ்வரை போகும் ஹிட், அடித்தார். பந்து வலது பக்க வேலியில் மோதி விழுந்தது. அந்தக் காலத்தில் பிட்சரும் வரிசையில் நின்று அடித்தாக வேண்டும். பெரும்பாலான பிட்சர்கள் நம்ம ஊர் பதினோராம் ஆட்டக்காரர் மாதிரி ஒப்புக்குச் சப்பாணிதான். ஸ்பான் அப்படி இல்லை, வாழ்நாளில் 35 ஹோம் ரன் அடித்தவர். பந்து இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால், தானே வீசி, தானே அடித்து, தானே ஜெயித்திருப்பார்.

9-வது இன்னிங்ஸில் ஏதோ தகராறு என்கிறார்களே?

ஆமாம். 9-வது இன்னிங்ஸின் அடிப்பாகம், அதாவது இரண்டாம் பாதி, ஜயன்ட்ஸ் அடிக்கிறார்கள். ஒரு ரன் போதும், ஆட்டம் முடிந்தது. மெக்கோவி வலது பக்கம் ஒரு பந்தைத் தூக்கினார். ஆறடி நான்கு அங்குல உயரத்து ஆள் அவர்; அவர் அடித்தால் பந்து வேலியைத் தாண்டுமா என்பது கேள்வியாகவே இருக்காது, எல்லைக் கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி. கம்பத்தைவிட உயரத்தில் பறந்தது பந்து. முதல் பேஸ் அம்பயர் கிறிஸ் பெலகூடாஸ் ஃபவுல், அதாவது வெளியே, என்று கையைக் காட்டிவிட்டார்.

ஜயன்ட்ஸ் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேலியைத் தாண்டும்போது உள்ளேதான் இருந்தது, பிறகுதான் வெளியே வளைந்தது என்பது அவர்கள் வாதம். அம்பயர் அசையவில்லை. மெக்கோவி திரும்ப நின்று அவுட் ஆனார். ரீப்ளே பார்த்து ஹோம் ரன்னைச் சரிபார்க்கும் முறை 2008-ல்தான் வந்தது. அன்றே இருந்திருந்தால் ஒருவேளை 9 இன்னிங்ஸில் முடிந்திருக்கும். அப்படி முடிந்திருந்தால் நல்ல ஆட்டம் என்று ஒரு வாரம் பேசியிருப்பார்கள். அந்த அம்பயருக்கு நான் ரகசியமாக நன்றி சொல்வதுண்டு.

இரண்டு பேரையும் ஏன் வெளியே எடுக்கவில்லை? மேனேஜர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

எடுக்கத்தான் பார்த்தார்கள். ஜயன்ட்ஸ் மேனேஜர் ஆல்வின் டார்க், ஆட்டம் 9-ஐத் தாண்டிப் போகப் போக, மரிச்சலிடம் போதும் என்று சொல்லிப் பார்த்தார். மரிச்சல் பின்னாளில் பல முறை சொன்ன கதை இது. அவர் டார்க்கிடம் மவுண்டில் நிற்கும் ஸ்பானைக் காட்டி, "அவருக்கு 42 வயது, எனக்கு 25. அவர் அங்கே நிற்கும்வரை என்னை எடுக்க நினைக்காதீர்கள்" என்றாராம்.

இதை வீரவசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் இருந்தது கூச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பா வயது என்று சொல்ல முடியாவிட்டாலும் சித்தப்பா வயது ஆள் ஒருவர் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும்போது, இளவட்டம் எப்படி உட்காரும்? ஸ்பான் பக்கம் மேனேஜர் பாபி பிரேகன். ஸ்பானும் நகர்வதாக இல்லை. அந்தப் பையன் வீசட்டும் பார்க்கலாம் என்று இவரும், அந்தப் பெரியவர் நிறுத்தட்டும் பார்க்கலாம் என்று அவரும். மாறி மாறி ஒரே மேட்டில் ஏறி இறங்கினார்கள். நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத போட்டி.

14-வது இன்னிங்ஸில் என்ன நடந்தது?

ஹார்வி கீன் ஒரு டபுளோடு தொடங்கினார். அடுத்து மேஸ். ஸ்பான் அவருக்கு வீச மறுத்து, வேண்டுமென்றே நான்கு பந்தை வெளியே போட்டு முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார். அந்த இரவு முழுக்க ஸ்பான் கொடுத்த ஒரே வாக் அதுதான், அதுவும் தெரிந்தே கொடுத்தது.

மெக்கோவி ஃபவுல் கேட்ச். ஃபெலிப்பே அலூ உயரமாக அடித்து அவுட். செபெடா அடித்த பந்தை மூன்றாம் பேஸில் டெனிஸ் மென்கே தவறவிட, மூன்று பேஸும் நிரம்பின. 42 வயது, 14-வது இன்னிங்ஸ், தன் தப்பு இல்லாமல் வந்த நெருக்கடி. பெய்லி அடித்த பந்து நடு மைதானத்தில் கேட்ச் ஆனது. ஸ்பான் இறங்கிப் போனார்.

சரி, அந்த ஹோம் ரன்?

16-வதின் அடிப்பாகம். கீன் முதலில் வந்து உயரமாக அடித்துக் கேட்ச் ஆனார். ஒரு அவுட். அடுத்து மேஸ். அதுவரை அன்று அவருக்கு ஒரு ஹிட்கூட இல்லை.

டார்க் இனி விடமாட்டார், இதுதான் கடைசி என்று மரிச்சல் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாகவும், மேஸ் அவரிடம் கவலைப்படாதே, உனக்காக இதை நான் முடித்து வைக்கிறேன் என்று சொன்னதாகவும் மரிச்சல் நினைவு கூர்ந்திருக்கிறார். ஜெயித்த பிறகு சொல்லும் கதைகளில் கொஞ்சம் சர்க்கரை சேரும்தான். ஆனால் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் மேஸ்.

முதல் பந்து. ஸ்பான் ஸ்க்ரூபால் போட்டார். அது திரும்பவில்லை. மேஸ் இடது பக்கம் தூக்கினார். 16 இன்னிங்ஸாக எல்லாரையும் ஏமாற்றிய அந்தக் காற்றுக்குள் போன பந்து, விழுவதற்குள் வேலியைத் தாண்டிவிட்டது. 1–0. உள்ளூர் அணி முந்திய கணமே ஆட்டம் முடியும் என்பதால் பிரேவ்ஸுக்கு மறுபடி அடிக்க வாய்ப்பில்லை. ஸ்பான் மேட்டிலிருந்து இறங்கி நடந்தார். 201 பந்து வீசியிருந்தார். அதில் சரியாகத் திரும்பாத ஒன்றுதான் ஸ்கோர்போர்டில் ஏறியது. மரிச்சலின் கணக்கு 227 பந்து.

ஸ்க்ரூபால் என்றால் என்ன?

இடது கை பிட்சர் போடும் வளைவுப் பந்து சாதாரணமாக வலது கை பேட்டரை நோக்கி உள்ளே வரும். ஸ்க்ரூபால் அதற்கு நேர் எதிர். பேட்டரை விட்டு விலகிப் போகும். இடது கை சுழல்பந்துவீச்சாளரின் பந்து வலது கை பேட்டரை விட்டு வெளியே திரும்புமே, அந்தத் திசை. ஆனால் அதைப் போட மணிக்கட்டையும் முன்கையையும் இயல்புக்கு மாறாக உள்பக்கம் முறுக்க வேண்டும். வேகம் குறைந்த பிற்காலத்தில் ஸ்பான் கற்றுக்கொண்டு பிழைத்த ஆயுதம் அது. விலக வேண்டிய பந்து விலகாமல் நேராக வந்தால் என்ன ஆகும் என்று கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மேஸுக்கும் ஸ்பானுக்கும் முன்கதை உண்டா?

நல்ல கேள்வி. 1951 மே மாதம், 20 வயதில் மேஸ் பெரிய லீக்குக்கு வந்தார். முதல் 12 வாய்ப்பில் ஒரு ஹிட்டும் இல்லை. பையன் நொந்து போயிருந்த நேரம். மே 28 அன்று, ஜயன்ட்ஸின் அப்போதைய ஊரான நியூயார்க்கில், அப்போது பாஸ்டனில் இருந்த பிரேவ்ஸோடு ஆட்டம். வீசியவர் ஸ்பான். மேஸ் அடித்த முதல் ஹிட்டே ஹோம் ரன், ஸ்பானின் பந்தில். அன்று மட்டும் நான் அவனை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தால் எல்லாரும் மேஸிடமிருந்து தப்பித்திருப்போம், என்னை நானே மன்னிக்கமாட்டேன் என்று ஸ்பான் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

மேஸின் 660-ல் 18 ஸ்பானிடம் அடித்தவை. வேறெந்தப் பிட்சரிடமும் அவர் அவ்வளவு அடிக்கவில்லை. அதனால்தான் 14-வதில் அந்த வாக். 16-வதில் பேஸ் காலி, ஒரு அவுட் விழுந்தாயிற்று. ஸ்பான் வீசத் துணிந்தார். அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன்.

கார்ல் ஹப்பெல் பெயர் ஏன் இந்த ஆட்டத்தோடு சேர்ந்து வருகிறது?

அன்று மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால். ஜயன்ட்ஸின் பழைய பிட்சர், அப்போது அவர்களிடமே இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பொறுப்பில் இருந்தவர். இவரும் இடது கைக்காரர், ஸ்க்ரூபாலுக்கே பேர் போனவர். வருடக்கணக்காக முறுக்கி வீசியதில், சும்மா நிற்கும்போதே அவர் இடது உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும்.

1933-ல் ஹப்பெல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிராக 18 இன்னிங்ஸ் வீசி, ஒரு வாக்கூடக் கொடுக்காமல் 1–0 என்று ஜெயித்தார். தேதி, ஜூலை 2. சரியாக 30 வருடம் முந்தி, அதே நாள். 1963-ல் ஸ்பானைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் தன் உடம்பை மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதி வைக்க வேண்டும் என்றார். சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவர்தான்.

அவ்வளவு வீசியதில் இருவருக்கும் கை கெட்டுப்போகவில்லையா?

அந்த சீசனை மரிச்சல் 25 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார். 1966-ல் மறுபடி 25, 1968-ல் 26 வெற்றி. மொத்தம் 243. ஆக, இளைய கை தாங்கியது.

ஸ்பான் 1963-ஐ 23 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தார். ஒரு சீசனில் 20 அல்லது அதற்கு மேல் ஜெயிப்பது அவருக்கு அது 13-வது முறை. அடுத்த வருடம் சரிந்தது: 6 வெற்றி, 13 தோல்வி. அந்த ராத்திரிதான் காரணம் என்று சிலர் கை காட்டுவார்கள். 43 வயதும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா?

இன்றைக்கு இப்படி ஓர் ஆட்டம் நடக்குமா?

ரன் வராத ஆட்டம் நடக்கும். இரண்டு பேரே வீசி முடிக்கும் ஆட்டம் நடக்காது. இப்போது 100 பந்தை நெருங்கினாலே மேனேஜர் எழுந்து நிற்பார். ஸ்பான் 1963-ல் தனியாளாக 22 ஆட்டத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை வீசினார். இப்போது 30 அணியும் சேர்ந்து ஒரு சீசனில் 50-ஐத் தொடுவதே அபூர்வம்.

2020-லிருந்து இன்னொரு தடை. 10-வது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ஆளைச் சும்மா நிறுத்தி வைத்துத்தான் ஆட்டத்தையே தொடங்குகிறார்கள். சீக்கிரம் முடிய வேண்டுமாம். 4-வது இன்னிங்ஸில் லார்க்கர் வாக் வாங்கி, ஜோன்ஸ் அடித்து, பாடுபட்டுப் போய் நின்ற அதே இடம். இப்போது அது இலவசம். எனக்குப் பிடிக்காத விதி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிளேஆஃபில் மட்டும் அந்த விதி கிடையாது. அதனால் 2022 அக்டோபர் 15-ல் சியாட்டிலில் ஒன்று நடந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் சியாட்டில் மரினர்ஸும் 17 இன்னிங்ஸ் ரன் இல்லாமல் போய், 18-வதில் ஜெரமி பேனா ஹோம் ரன் அடிக்க ஹூஸ்டன் 1–0 என்று ஜெயித்தது. 6 மணி 22 நிமிடம். ஸ்கோரைப் பார்த்தால் 1963-ன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே போனால் வேறு ஆட்டம். இரண்டு அணியும் சேர்ந்து 42 ஸ்ட்ரைக் அவுட். புதிது புதிதாகப் பிட்சர் வந்து, இருக்கும் வேகத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போனார்கள். 1963-ல் மொத்தமே 12. மரிச்சல் 10, ஸ்பான் வெறும் 2. ஸ்பானின் பந்தை எல்லாரும் அடித்தார்கள், 15 இன்னிங்ஸ் அடித்தார்கள், ஆனால் அவர் நினைத்த இடத்துக்கு அடித்தார்கள்.

ஸ்கோர் புத்தகத்தில் ஸ்பானுக்கு எழுதியது தோல்விதானா?

தோல்விதான். 15 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், 9 ஹிட், 1 ரன், தோல்வி. மரிச்சலுக்கு 16 இன்னிங்ஸ், 8 ஹிட், 4 வாக், வெற்றி. ஸ்பான் உடைமாற்றும் அறைக்குள் வந்தபோது சக ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1965 சீசனின் நடுவில், நியூயார்க் மெட்ஸ் அவரை விடுவித்தது. 44 வயது ஆளை யார் எடுப்பார்கள்? எடுத்தது ஜயன்ட்ஸ். கேண்டில்ஸ்டிக் பார்க்கில், அதே காற்றில், அதே மேட்டில், மரிச்சலின் சக பிட்சராக அந்த சீசனின் மீதியை வீசிவிட்டுப் பெரிய லீக்கிலிருந்து விடைபெற்றார். அவர் வீசும்போது பின்னால் நடு மைதானத்தில் நின்றவர் மேஸ்.